மலை தெரியும் வளைவு

நகரி,
14-3-2010, ஞாயிறு காலை

என் தங்க மகள் சுமித்ராவுக்கு நைனா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி தமிழ்ச்செல்வனும் சாமி புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கோபிகிருஷ்ணனும் என் பேத்தி தரணியும் அந்தப் பாழாய்ப்போன குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கிறீர்களா என்ற நினைப்போடுதான் தினமும் நான் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கிறேன். போன் இருக்கும்போது நைனாவுக்குக் கடுதாசி எழுதும் ஆசை எங்கிருந்து வந்தது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள் கண்ணு. போனில் நான் பேசினால் முதல் இரண்டு வார்த்தை ஒழுங்காக வரும், மூன்றாவது வார்த்தை ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும். இதிலே சொல்லப்போகும் சங்கதியை ஹாரன் அடிக்காமல் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் தமிழ்ச்செல்வனின் கம்பெனி நோட்டிலிருந்து தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். நம்முடைய சண்டைக்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உன் போன் இல்லாமல் போய்விட்டது, இன்று மூன்றாவது. அம்மாவின் செல்லுக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை பேசுகிறாய், அதுவும் நான் சவாரியில் இருக்கும் நேரம் பார்த்துப் பேசுகிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

நாளை மறுநாள் உகாதி. அம்மா பச்சடிக்கு வேப்பம்பூ பறித்து முறத்தில் காயப் போட்டிருக்கிறாள். மாங்காய் இந்த வருடம் நல்ல காய்ப்பு, நீங்கள் மே மாதம் வரும்போது பழுத்துவிடும், தரணிக்கு முதல் மாம்பழம் நம் ஊர்ப் பழமாகத்தான் இருக்க வேண்டும், அங்கே டப்பாவில் விற்கும் சாற்றைக் கொடுத்து ருசியைக் கெடுத்துவிடாதே. தமிழ்ச்செல்வனுக்கு சத்தியவேடு பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை நிலைத்துவிட்டது, நீலச் சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் போகிறான். அக்கா பெண்ணுக்கு மொட்டை என்று இப்போதே மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய களிம்பைத் தடவாமல் பீரோவில் வைத்துப் பூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் இது லண்டன் களிம்பு என்று காட்டிக்கொண்டிருக்கிறாள். நீ சொன்னால்தான் கேட்பாள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். அன்றைக்கு நீ ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து நகரிக்கும், நகரியிலிருந்து திருமலைக்கும் தரணி வண்டியில் வரும்போது அவளுக்கென்று குழந்தை சீட் வேண்டும், அங்கே இருக்கும் சீட்டையே பிளேனில் கொண்டு வருகிறேன், நைனா வண்டியின் பின்சீட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. முப்பது வருடம் இந்த ரோட்டில் ஸ்டீரிங் பிடித்தவன் நான், என் பேத்தியைக் கட்டிப் போட்டுத்தான் என் வண்டியில் ஏற்றுவாளாமே என்று நினைத்தேன். ஸ்டாண்டில் நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை எப்போதோ சொன்ன உங்கள் ஊர்ச் சட்டம் ஞாபகம் வந்தது. சொந்தக் காரில் பன்னிரண்டு வயது ஆகும் வரைக்கும், இல்லையென்றால் கிட்டத்தட்ட நாலரை அடி வளரும் வரைக்கும், குழந்தைக்கு ஏற்ற சீட் இருந்தே ஆக வேண்டும். ஆனால் டாக்சியில் சீட் இல்லாவிட்டால் குற்றம் இல்லை, மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெல்ட் இல்லாமலே போகலாம் என்று சொல்லியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்னுடையது மஞ்சள் போர்டு வண்டி, உங்க ராணி ஊரு சட்டமே டாக்சிய உட்டுட்ச்சி, நீ இன்னாம்மா எனக்கு ரூல்ஸ் சொல்லிக்கினு இருக்கே என்று கேட்டேன். நீ பொறுமையாக, அதுவும் பின்சீட்டில் மட்டும்தான் நைனா, முன்சீட்டில் கூடாது, மூன்று வயது தாண்டினால் பெரியவர்கள் பெல்ட்டாவது போட வேண்டும், டாக்சிக்காரன் எல்லா அளவு சீட்டையும் சுமந்துகொண்டு திரிய முடியாது என்பதற்காகக் கொடுத்த விலக்கு அது, டாக்சியில் குழந்தைக்கு அடிபடாது என்பதற்காகக் கொடுத்தது இல்லை என்று சொன்னாய். அப்புறம் ஒன்று கேட்டாய். தரணிக்கு உன் வண்டி டாக்சியா, இல்லே தாத்தா வண்டியா என்று. அதைக் கேட்டதும் கத்தினேன். உன்ன நாலு வயசுலேர்ந்து முன்சீட்டுல ஒக்கார வெச்சிக்கினு ஊரெல்லாம் சுத்தினவன்மா நான், ஒரு கீறல் பட்டிருக்குமா உம்மேல, என் வண்டி புடிக்காட்டி மெட்ராஸ்லயே வேற வண்டி புட்சிக்கினு வா என்று சொல்லி போனை வைத்தேன். அந்தக் கீறல் பேச்சை மட்டும் நினைவில் வைத்துக்கொள், அதற்குத் திரும்பி வருவேன்.

டாக்சி ஸ்டாண்டில் போய், கூட வண்டி ஓட்டும் அண்ணாதுரையிடமும் நாகபூஷணத்திடமும் நியாயம் கேட்டேன். அவர்கள் என்ன சொல்வார்கள், என் பக்கம்தான் பேசினார்கள். அண்ணாதுரை, நம்ம கைய விடவா அண்ணா பெல்ட்டு கெட்டி என்றான். நாகபூஷணம் தெலுங்கில் ஏமி காது, ஏமி காது என்று தோளில் தட்டினான். ஒன்றும் ஆகாது என்று அவன் வாயால் கேட்டதில் எனக்கு வயிறு குளிர்ந்தது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியுமே, திருமலைக்கு மொட்டை போட எடுத்துப் போகும் குழந்தை முன்சீட்டில் தாய்மாமன் மடியில்தான் உட்காரும். மேலே கல்யாணகட்டாவில் மாமன் மடியில் வைத்து முடி இறக்குவதை நம் ஜனங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பித்துவிடுவார்கள். வடமாலப்பேட்டை தாண்டி அந்த வளைவில் ஏழு மலையும் முதலில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் டிரைவர்தான் அதோ மலை என்று கை காட்ட வேண்டும், உடனே வண்டியில் இருக்கும் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி கோவிந்தா போடுவார்கள். அந்த இடத்தில் கை காட்டுவது எனக்கு ஒரு பெருமை. எத்தனை குடும்பத்துக்குக் காட்டியிருப்பேன், கணக்கே இல்லை.

நான் போனை வைத்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு சவாரி வந்தது. ரமணா என்று சத்தியவேட்டுப் பையன், நம் நகரியில் பெண் எடுத்தவன், மகனுக்கு முதல் மொட்டை. குழந்தைக்கு ஒரு வருடம் பத்து மாதம், நம் தரணி வயசு. பின்னால் ரமணாவும் அவன் மனைவியும் மாமியாரும், முன்னால் என் பக்கத்தில் பெண்ணின் அண்ணன் ஏழுமலை, அவன் மடியில் குழந்தை. புத்தூர் வரைக்கும் என் கியர் தடியைப் பிடித்து விளையாடிக்கொண்டே வந்தான். நல்ல குழந்தை, அழவே இல்லை. வளைவு வந்தது. நான் வழக்கம்போல் அதோ பாருய்யா மலை தெரியுது, கும்பிடு என்று கை காட்டினேன். பின்னால் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். ஏழுமலை குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து, தலைக்கு மேல் தூக்கி, கோவிந்தா சொல்லுடா ராஜா என்றான். அந்த நேரம் பார்த்து கரும்புச் சோகை ஏற்றிய சைக்கிள் ஒன்று வரப்பிலிருந்து இறங்கி நேராக ரோட்டுக்கு வந்தது. நாற்பதுக்கு மேலே போகவில்லை சுமித்ரா, அம்மா மேல் சத்தியமாகச் சொல்கிறேன். பிரேக் அடித்தேன். சைக்கிள்காரனுக்கு ஒன்றும் இல்லை, வண்டிக்கு ஒன்றும் இல்லை, பெல்ட் போட்டிருந்த எனக்கும் ஏழுமலைக்கும் ஒன்றும் இல்லை. குழந்தை மட்டும் மடியிலிருந்து போய் டாஷ்போர்டு விளிம்பில் நெற்றியை இடித்துக் கீழே கால் வைக்கும் இடத்தில் கிடந்தது. ஒரு நொடி அழுகைச் சத்தமே வரவில்லை. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

அப்புறம் அழுதான், அந்த அழுகையைக் கேட்டு நான் சாமியைக் கும்பிட்டேன். திருப்பதியில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. புருவத்துக்கு மேலே நான்கு தையல். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். தையல் போட்ட டாக்டரம்மா சின்ன வயசுப் பெண், உன் வயசுதான் இருக்கும். குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்டாள், சொன்னோம். திட்டவில்லை. என் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சட்டையில் பெல்ட் அழுத்தி மடிந்திருந்த கோட்டைப் பார்த்தாள், ஏழுமலை சட்டையையும் பார்த்தாள். மீக்கு பெல்ட் உந்தி, பாபுக்கு ஏதி என்று கேட்டாள். உங்களுக்கு பெல்ட் இருக்கிறது, குழந்தைக்கு எங்கே என்று அவ்வளவுதான் கேட்டாள், கையைக் கழுவப் போய்விட்டாள். வெளியே ஏழுமலை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கெட்டியாத்தான் புட்சிக்கினு இருந்தேன் அண்ணா, ஆனா கையத்தான் புட்சிக்கினு இருந்தேன், கொழந்தையப் புட்சிக்கினு இல்லியே என்று சொன்னான். அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது. மலையைக் காட்டிக் கையைத் தூக்கச் சொன்னவன் நான்.

இதிலே ஒன்று கேள். ஆஸ்பத்திரியில் இருந்த கான்ஸ்டபிள் வந்து விசாரித்தார். லைசென்ஸ் பார்த்தார், பர்மிட் பார்த்தார், எஃப்.சி. பார்த்தார், எத்தனை தலை ஏற்றினாய் என்று எண்ணினார், முன்னால் இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தீர்களா என்று கேட்டார். எல்லாம் சரி. குழந்தையைப் பற்றி அவர் புத்தகத்தில் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை. உன் மேல தப்பு எதுவும் இல்லப்பா, போ என்று அனுப்பிவிட்டார். ரமணா வீட்டாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாமி சோதனை, நீங்க இன்னா பண்ணுவீங்க என்று அந்த மாமியார் எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. மொட்டை போடாமலே அவர்களைத் திருப்பி அழைத்து வந்தேன். வரும்போது குழந்தை பின்சீட்டில் அம்மாவிடம் தூங்கிக்கொண்டு வந்தான், நான் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன், பின்னால் வந்தவர்களெல்லாம் திட்டிக்கொண்டே போனார்கள். உங்கள் ஊர்ச் சட்டம் டாக்சிக்காரனை விட்டுவிட்டது என்று உன்னிடம் எவ்வளவு ஜம்பமாகச் சொன்னேன். என்னை நம் ஊர்ச் சட்டமும்தான் விட்டுவிட்டது. அந்தக் குழந்தையின் நெற்றிக்கு அதனால் என்ன ஆயிற்று சொல்லு.

மறுநாள் நான் செய்த முதல் வேலை, நம் இண்டிகாவின் பின்சீட்டு கவரை பிளேடு போட்டுக் கிழித்ததுதான். ஏன் தெரியுமா, வண்டி வாங்கும்போதே பின்னால் மூன்று பேருக்கும் பெல்ட் இருந்தது. சவாரிக்காரர்கள் இடுப்பில் குத்துகிறது என்று சொன்னார்கள் என்று நான்தான் அதையெல்லாம் உள்ளே தள்ளி மேலே ரெக்சின் போட்டுத் தைக்கச் சொன்னேன். நாலு வருடமாக அந்த பெல்ட்டின் மேலேயே ஊர் ஜனங்களை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். வெளியே எடுத்தபோது சுற்றியது சுற்றியபடி புத்தம் புதிதாக இருந்தது. அப்புறம் தமிழ்ச்செல்வனை மெட்ராஸுக்கு அனுப்பி ஒன்பது கிலோவிலிருந்து பதினெட்டு கிலோ வரைக்கும் என்று போட்ட சீட் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். பிளேனில் நீ தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், நைனாவே வாங்கிவிட்டார் என்று நீ போனில் சந்தோஷப்பட வேண்டும், அதுதான் என் திட்டம். சீட்டோடு வந்த புத்தகத்தை அவன் படித்துப் படித்துச் சொல்ல, இரண்டு பேருமாகப் பின்சீட்டில் பெல்ட்டை நுழைத்து, முட்டி போட்டு அழுத்தி, அசைத்தால் அசையாதபடி கட்டினோம். அண்ணாதுரை வந்து பார்த்துவிட்டு இன்னா அண்ணா, ராக்கெட்ல போற சீட்டு மாதிரி கீது என்றான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் உன் நைனா செய்த முட்டாள்தனம். புது டயர் மாற்றினாலே பூஜை போடுகிறவன் நான், குழந்தை உட்காரும் சீட்டுக்குப் பூஜை போடாமல் விடுவேனா. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றி, பூசணிக்காய் உடைத்து, அம்மா தன் கையாலேயே சீட்டுக்கு மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைத்தாள். சீட்டின் நடுவில் பெல்ட் எல்லாம் சேர்ந்து மாட்டும் பூட்டு இருக்கிறதல்லவா, அதில் அந்தச் சிவப்பு பட்டன், அதுதான் சீட்டுக்கு நெற்றி என்று நினைத்தாளோ என்னவோ, அதன் மேல் கெட்டியாக அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை, அதாவது நேற்று, தரணி எடைக்குப் பதினொரு கிலோ அரிசியைப் பையில் கட்டி, சீட்டில் உட்கார வைத்து, பூட்டைப் போட்டேன். க்ளிக் என்று கேட்டது மாதிரி இருந்தது. அம்மா அந்த அரிசி மூட்டைக்குத் துண்டு போர்த்தி, வெயில் பட்ராம ஓட்டுய்யா என்று வேறு சொன்னாள். நான் மட்டும் தனியாக வடமாலப்பேட்டை போனேன். அந்த வளைவில் முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை என்று பார்த்து, அதே நாற்பதில் வந்து, அதே இடத்தில் பிரேக் அடித்தேன். பூட்டு விட்டுவிட்டது. அரிசி மூட்டை முன்சீட்டின் முதுகில் மோதிக் கிழிந்து வண்டி முழுக்க அரிசி. பூட்டுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து, பெல்ட்டின் நாக்கு பாதிதான் மாட்டியிருந்திருக்கிறது. பாதி மாட்டினாலும் க்ளிக் என்று கேட்கிறது, அதுதான் பயம். நான் ரோட்டோரம் வண்டியை ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு அரிசியைப் பொறுக்கிக்கொண்டே அழுதேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் வந்து, அரிசிக்காய்யா அழுவறே, போனா போவுது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் உட்கார்ந்துதான் இதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். கீறல் என்று சொன்னேனே, அது பொய். உன் தாடைக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது, நீ பின்கட்டுப் படியில் விழுந்து பட்டது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோதுகூட நான்தான் முந்திக்கொண்டு படி என்று சொன்னேன். படி இல்லை கண்ணு. உனக்கு நாலு வயசு. நாராயணசாமி முதலாளியின் அம்பாசிடரைத் திருப்பதியில் ஒர்க்‌ஷாப்பில் விட எடுத்துப் போனேன், நீ வருவேன் என்று அழுததால் கூட்டிப் போனேன். முன்சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டு வந்தாய். அதே வளைவு. நான் அதோ மலை என்றேன், நீ இரண்டு கையையும் தூக்கி கோவிந்தா என்றாய். நாய் ஒன்று குறுக்கே வந்தது. ரத்தத்தைத் துடைத்து, வழியிலேயே கம்பவுண்டர் ஒருத்தரிடம் தையல் போட்டு, உனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுப் படியில் விழுந்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் பாதி, அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயம் பாதி. நீ சின்னக் குழந்தை, நான் படி படி என்று சொல்லச் சொல்ல நீயும் படி என்றே சொல்லப் பழகிவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு போனில் கீறல் பட்டதா என்று உன்னிடமே கேட்டேன் பார், உனக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் கேட்டேன்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தழும்பு பட்ட அடுத்த மாதமே, என் பிள்ளையைத் தள்ளிவிட்ட படி எனக்கு வேண்டாம் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று அந்தப் படியை இடித்துச் சரிவாகப் பூச வைத்தாள். கடப்பாரை பிடித்து இடித்தவன் நான்தான். ஒன்றும் செய்யாத படியை இடித்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்தேன். அந்தப் படி இன்னாய்யா பாவம் பண்ணுச்சி உனக்கு, எத்தினி நாளு அத்தத் திட்டிக்கினு இருந்தேன் நானு என்று மட்டும் கேட்டாள். ராத்திரிச் சோறு போட்டாள், தட்டை வைத்த சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது. இன்று காலையில், இதை அவளுக்கும் எழுது, நீ போன்ல சொன்னா கத்துவே என்று அவள்தான் இந்தப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மெட்ராஸில் குழந்தை சீட்டோடு வண்டி தரும் கம்பெனி ஒன்றை மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நான் வாங்கிய சீட்டின் பூட்டை வெந்நீர் விட்டுக் கழுவியாயிற்று, மூன்று முறை பிரேக் அடித்தும் பார்த்தாயிற்று, இப்போது அரிசி நகரவில்லை. ஆனாலும் என் கை சரி என்று சொன்னால் போதாது, இந்தக் கை மலையைக் காட்டி இரண்டு முறை தப்புப் பண்ணியிருக்கிறது, பூட்டிலும் ஒரு முறை ஏமாந்திருக்கிறது. உன் சீட்டை நீ கொண்டு வா. ஏர்போர்ட்டில் நான் வண்டியோடு நிற்பேன். நீயே பின்சீட்டில் கட்டு, நீயே பூட்டைப் போட்டு இழுத்துப் பார், மனசுக்குச் சரி என்று பட்டால் என் வண்டியில் வா. இல்லையென்றால் அந்தக் கம்பெனி வண்டியிலேயே தரணியோடு வா. எனக்குக் கோபம் வராது, நிஜமாகவே வராது. நான் உங்களுக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு மெதுவாகப் போவேன், தமிழ்ச்செல்வன் என் பக்கத்தில் மடியில் யாரும் இல்லாமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பான். மாமன் மடி கல்யாணகட்டாவில் முடி இறக்கும்போது மட்டும்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ரமணா மகனுக்குத் தையல் பிரித்தாயிற்று, போய்ப் பார்த்தேன், என் வண்டி ஹாரனை அழுத்தச் சொல்லிக் கேட்டான். உகாதி கழிந்து அவனைத் திரும்ப மொட்டைக்கு அழைத்துப் போகிறேன், அந்த மெட்ராஸ் சீட்டில் முதலில் உட்காரப் போகிறவன் அவன்தான். நாகபூஷணம் தன் வண்டியிலும் பின்சீட்டு கவரைக் கிழித்துவிட்டான், அண்ணாதுரை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

நான் மலையைக் காட்டாமல் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. அந்த வளைவுக்கு முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டு, புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுவேன். நீ இறங்கி, பூட்டைத் திறந்து, அவளைத் தூக்கி என் கையில் கொடு. இந்த முறை நான் கையைக் காட்ட மாட்டேன், இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொள்வேன். மலையை நீ காட்டு.

வெங்கடேசப் பெருமாள் உங்கள் மூன்று பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல், அவர் சொன்ன சட்டத்தைப் பாதி மட்டும் காதில் வாங்கியது என் தப்பு, அவர் தப்பு இல்லை. தரணி கன்னத்தில் தாத்தாவுக்காக ஒரு முத்தம். வரும்போது மறக்காமல் அவளுடைய தடுப்பூசிப் புத்தகமும் சீட்டோடு வந்த புத்தகமும் எடுத்து வா, தமிழ்ச்செல்வன் இரண்டையும் எனக்குப் படித்துச் சொல்வான். இந்தக் கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அம்மாவின் செல்லுக்கு இல்லை, என்னுடையதற்கு. நான் சவாரி எடுக்காமல் வீட்டில் இருப்பேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு, போனை வைக்க மாட்டேன்.

பின்கட்டில் பழையபடி ஒரு படி கட்டச் சொல்லி அம்மா கேட்கிறாள். செங்கல் வந்துவிட்டது, நாளைக்குக் கட்டிவிடுவேன்.

உன்னுடைய
நைனா,
மு. முனிரத்தினம்